இரண்டரைக் கம்பம்

ஸ்காபரோவிலிருந்து கப்பலில் வந்த பெட்டியில்
பால்மாவுக்கும் ஒரு கம்பளிக்கும் அடியில்
ஏழு இரும்புகள்.
மச்சாளின் புருசன் கமலரூபன் ஆறடி இரண்டங்குலம்,
அவருக்கென்று அரை அங்குலம் நீட்டி எடுத்தவை.
தண்டில் சுற்றிய ஒட்டுத்தாளில் ஒற்றை எழுத்து:
எஸ்.
விறைப்பு என்று அர்த்தம்.

நான் மின்சார சபை.
இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பி எவ்வளவு தொய்யலாம்
என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்து வைப்பவள்.
இறுக்கிக் கட்டினால் அறும்,
தளரவிட்டால் வைக்கோல் லொறி கொண்டுபோகும்.

கொல்ஃப் பழகியது நுவரெலியாவில்,
இடமாற்றம் கிடைத்த ஆறு வருசமும், இரவல் இரும்பில்.
இங்கே அதற்கென்று புல் இல்லை.
கல்லுண்டாய் வெளி இருக்கிறது:
ஆடி வெயிலில் வெடித்த உவர்த்தரை,
ஒரு பக்கம் ஊர்க் குப்பை, மறு பக்கம்
ஐம்பது மீற்றருக்கு ஒன்றாய் என் கம்பங்கள்.

ஞாயிறு, விடியற்காலை.
முதல் பந்து இடப்பக்கம்.
கொக்குகள் எழும்பி, யோசித்து,
அதே இடத்தில் இருந்தன.
அடுத்தது தாழப் பறந்து வலப்பக்கம்.
இரும்பைத் திருப்பினால் குதிப்பக்கம் மட்டும் சேறு,
நுனி கழுவி வைத்த மாதிரி.
நீளம் ஒரு பக்கம் இழுக்கிறது,
விறைப்பு மறு பக்கம் தள்ளுகிறது.
இரண்டு பிழையும் சமாதானமாகி
சில பந்து நேரே போனது.
அதைத்தான் நம்பக் கூடாது.

குருநகரில் நிக்சனின் லேத்.
படகு எஞ்சினுக்குத் தண்டு கடைகிறவன்.
"அக்கா, உங்கட உயரம் என்ன?"
"உயரத்தை விடும். மணிக்கட்டிலயிருந்து
நிலம் எவ்வளவு எண்டு பாரும்."
சப்பாத்தோடு நின்றேன், கை தொங்க.
முப்பத்தொன்றரை.
பிறகு தன்னையும் அளக்கச் சொன்னான்.
என்னைவிட ஒரு சாண் உயரம்,
மணிக்கட்டோ என்னுடையதைவிட இரண்டு விரல்தான் மேலே.
"நங்கூரம் இழுத்து நீண்ட கை" என்றான்.
அவன் கடலுக்குப் போனதே இல்லை.

ஏழாம் இரும்பை மட்டும் வெட்டச் சொன்னேன்.
பிடியைக் கழற்றி, மேல் முனையில்
ஒன்றே கால் அங்குலம்.
வெட்டும்போதே தெரியும் எனக்கு,
கட்டையான தண்டு இன்னும் விறைக்கும்.
ஒன்றைத் திருத்தினால் மற்றது அசையும்,
எங்கள் வேலையிலும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு சேறு நடுவில் பட்டிருந்தது.
கைதான் தாங்கவில்லை.
கரண்ட் அடித்தால் எப்படி என்று எனக்குத் தெரியும்;
இது அதில்லை,
அதற்குச் சொந்தக்காரன்.

கமலரூபனுக்குச் செய்தி போட்டேன், வேறு தண்டு வேண்டுமென்று.
'எல் எடுங்கோ' என்று பதில்.
'பொம்பிளையளுக்கெண்டே செய்யிறது, நல்லா வளையும்.'

வெட்டாத ஆறாம் இரும்பை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன்.
பத்துப் பந்து.
கள்ளப் பந்து மூன்றைக் கழித்துவிட்டு
மிச்சம் விழுந்த இடம் வரைக்கும் நடந்தேன்.
இரண்டரைக் கம்பம்.
என் கம்பங்கள், நான் நட்ட தூரம்,
அதில் எனக்குச் சந்தேகமில்லை.
எல் என்றால் இரண்டு கம்பத்தைத் தாண்டக் கூடாது.

'ஆர் அனுப்புங்கோ. பந்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.'
அவர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
சம்மதமோ பகிடியோ, தெரியாது.

தண்டுகள் இன்னும் கடலில்.
வெட்டிய துண்டு நிக்சனின் சாவிக்கொத்தில்
கிலுங்குகிறது.

திங்கள் காலை மேசைக்கு ஒரு தாள் வந்தது:
அராலிப் பக்கம் கம்பி இறுக்கம் சரி, ஒப்பமிடவும்.
அளந்தது வெயிலிலா மழையிலா என்று எழுதித்
திருப்பி அனுப்பினேன்.