தலைக்கனம் இல்லாதது

உங்கள் வங்கிப் படிவத்தில் ஒரு கட்டம், மிஸ்டர் அபர்னெத்தி:
"புதிய லாரிக் கடனை மறுப்பதற்கான காரணம்."
கட்டம் சின்னது.
பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

என் கோமர் எஞ்சினுக்குத் தலை கிடையாது.
மற்றவற்றுக்கு மேலே கனத்த இரும்பு மூடி,
மூடிக்குள் வால்வுகள், ஸ்பிரிங்குகள், தள்ளுகோல்கள்,
மூடிக்கும் உடலுக்கும் நடுவே
எப்போது கசியலாம் என்று காத்திருக்கும் கேஸ்கெட்.
இதற்கு அந்தத் தலைக்கனம் இல்லை.

மூன்று சிலிண்டர்கள்
என் இருக்கைக்கு அடியில் குறுக்கே படுத்திருக்கின்றன.
ஒவ்வொன்றிலும் இரண்டு பிஸ்டன்கள், எதிரும் புதிருமாக.
கிடாக்கள் மாதிரி ஓடி வருகின்றன,
முட்டுவதில்லை.
நடுவில் நசுங்கிக் கொதிக்கும் காற்றில்
ஒரு தூறல் டீசல்.
அவ்வளவுதான்,
வந்த வழியே தெறிக்கின்றன இரண்டும்.

மற்ற எஞ்சினில் நெருப்பு
ஒரு பக்கம் பிஸ்டனைத் தள்ளும்,
மறுபக்கம் சும்மா கூரையை முட்டும்.
இதில் கூரையும் கூலிக்கு வேலை செய்கிறது.

வால்வுக்குப் பதில் சுவரில் துளைகள்.
ஒரு பிஸ்டன் விலகினால் புகைக்கு வாசல்.
இமைப்பொழுது கழித்து மற்றது விலக, காற்றுக்கு வாசல்.
ப்ளோயர் தள்ளும் காற்று ஒரு முனையில் நுழைந்து
மறுமுனை வரை பெருக்கிக்கொண்டே வெளியேறும்
(என் வீட்டைக்கூட நான் அப்படிப் பெருக்கியதில்லை).
விலகி ஓடும் ஆறையும் ஆறு நெம்புகோல்கள் பிடித்து
கீழே கிடக்கும் ஒரே கிராங்கைச் சுற்ற வைக்கின்றன.
நாலு எட்டுக்கு ஒருமுறை உழைப்பவை உழைக்கட்டும்.
இது இரண்டு எட்டுக்கு ஒருமுறை.

சத்தம்?
சத்தம்தான். ஒத்துக்கொள்கிறேன்.
தகரக் கொட்டகைக்குள் பத்து நாய்கள்
ஒரே எலும்புக்குக் குரைப்பது போல.

குறையே இல்லையா என்பீர்கள்.
போன ஜூலை, லிண்டிஸ் கணவாய்.
நூற்றுப் பத்து ஆடுகள், சாலையெல்லாம் உறைபனி.
ஏற்றத்தில் கியர் நழுவி
எஞ்சின் செத்தது.
முதல் கியரில் போட்டேன்.
பிரேக் பிடிக்கவில்லை, லாரி பின்னால் உருள,
செத்தது பிழைத்துக்கொண்டது.
பிழைத்த சந்தோஷத்தில் கிளட்சை விட்டேன்.
பின்னால் பாய்ந்தது!
புகைக்குழாய் மூச்சை உள்ளே இழுக்க,
காற்று வடிகட்டியிலிருந்து கறுப்பாகப் புகை.
இரண்டு எட்டு எஞ்சினுக்குக் கிழக்கும் மேற்கும் ஒன்றுதான்:
எந்தப் பக்கம் உருட்டினாலும் எரியும்.
எண்ணெய் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துவிட்டது,
பம்பும் தலைகீழாகச் சுற்றுகிறதே.

வலப்புறம் பள்ளம்.
யோசிக்கவில்லை, ரிவர்ஸில் போட்டேன்.
முன்னால் நகர்ந்தது.
ரிவர்ஸ் கியரில் மலையேறினேன், மிஸ்டர் அபர்னெத்தி,
இருபது கஜம்,
ஓரத்துச் சமதளம் வரை.
பிறகு எரிபொருளை அடைத்தேன்.
ஆடுகள்கூடப் பேசவில்லை.
வடிகட்டி ஆறும்வரை பீர்க் பீட்டரின் சாக்கைப் போர்த்திக்கொண்டு
படியில் உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம் ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.
எதுவும் நடக்காதது போல
சரியான பக்கம் சுற்றியது.

பேரிங்குகள் பிழைத்தன. வடிகட்டி புதிது,
ரசீது இணைத்திருக்கிறேன்.
பிரேக்கும் பார்த்தாயிற்று, அதற்கும் ரசீது.

டாராஸில் திருமதி கத்பில்
நான்கு மைல் தள்ளியே என் குரைப்பைக் கேட்டு
இருட்டில் பட்டிக் கதவைத் திறந்து வைப்பாள்.
உங்கள் புதிய லாரி சத்தமே போடாதாம்.
நான் இறங்கி ஹார்ன் அடிக்க வேண்டும்,
அவள் எழுந்து விளக்கேற்ற வேண்டும்,
அதுவரை பனியில் ஆடுகள் நிற்க வேண்டும்.

காரணம் இதுதான்.
கட்டத்துக்குள் அடங்கவில்லை.

நைரி ஸ்ட்ராக்கன்,
ஓமராமா.