இரண்டாவது அடுப்பு

மீளாய்வுக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
‘ஒரே கூரையின் கீழ் இரு குடும்பங்கள்
எனப் பதிந்தமை தொடர்பாக.’
முறைப்பாடு ஆர் குடுத்தது எண்டு அதில இல்லை.
மொட்டைக் கடிதத்துக்கும் ஒரு கை இருக்குந்தானே,
எங்களிட்டக் கைமாத்தாய்ச் சீனி வாங்கின கையாயும் இருக்கும்.
விடு எண்டா மெற்றில்டா.

விதி இதுதான்:
ஓர் அடுப்பில் உண்பவர் ஒரு குடும்பம்.
ஒரு குடும்பத்துக்கு ஒரு கொடுப்பனவு.
பதினைஞ்சு வருசமா ஒரு அடுப்பிலதான் நாங்கள்.
முகாமில ஒரு கூடாரத்துக்குள்ள விட்டவங்கள்,
முன்பின் தெரியாத ரெண்டு பேரை.
அவவிட்டச் சட்டி இருந்தது, என்னட்ட நெருப்புப்பெட்டி.
அண்டைக்கு ஒருத்தரும் உறவுமுறை கேக்கேல்லை.

புதன்கிழமை ரெண்டாவது அடுப்புக் கட்டினம்.
முத்தையன்கட்டு வாய்க்கால் கரையில எடுத்த புத்துமண், மூண்டு கல்லு.
ஒரு பொய்க்கு இவ்வளவு மண் குழைக்க வேணுமெண்டு
நான் நினைக்கேல்லை.
பழைய அடுப்புச் சாம்பலில ரெண்டு சிரட்டை அள்ளி
புதுசுக்குள்ள போட்டம்.
மெற்றில்டா ஒரு நூல்சீலையைக் குறுக்கால கட்டினா.
இது உன்ர குடும்பம், இது என்ர குடும்பம்,
பூனை ஆற்ற பக்கம்?
சிரிச்சம்.
கோப்பை ஏழையும் பிரிக்கேக்க சிரிக்கேல்லை.

வெள்ளி பத்தரைக்கு உத்தியோகத்தர் வந்தா.
சின்னப் பிள்ளை. ஸ்கூட்டியெல்லாம் செம்மண்.
கையில இருந்த டெப்பில படம் எடுத்தா:
கூரை, மலசலகூடம், கரண்ட் மீற்றர்.
வாகனம்? சைக்கிள், பின் ரயர் இல்லை.
கணவர்?
காணாமல் ஆக்கப்பட்டவர்.
‘அப்பிடி ஒரு கட்டம் இதில இல்லையக்கா.
இருக்கிறார், இறந்தார், பிரிந்தார், வெளிநாடு.’
இறந்தார் எண்டு தொட்டால் புள்ளி கூடுமாம்.
தொடாதேங்கோ எண்டன்.
‘அப்ப இருக்கிறார். என்ன தொழில்?’
கடைசியா உழவு மெசின் ஓட்டினவர்.
அவ பதிஞ்சா.
பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு
என்ர மனுசனுக்கு வேலை கிடைச்சது.

பிறகு குசினி.
‘சீலைக்கு அங்கால இருக்கிறவ
உங்களுக்கு என்ன முறை?’
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில என்ர கர்ப்பப்பை எடுக்கேக்க
தங்கச்சி எண்டு கையெழுத்து வைச்சவ.
அவவின்ர அண்ணன்ர பெடியன் டிலக்சனுக்கு
பள்ளிக்கூடத்தில நான் பெரியம்மா.
வங்கிக் கடனுக்கு நான் அவவுக்குப் பிணை.
கோயிலுக்கு அவ வாசல் மட்டும், சேர்ச்சுக்கு நான் வாசல் மட்டும்.
இதில எதைச் சொல்ல?
‘ஒரு முறையும் இல்லை’ எண்டன்.
அங்கால ஒரு கரண்டி விழுந்த சத்தம்.

அந்தப் பிள்ளை குனிஞ்சா.
புது அடுப்பின்ர விளிம்பைத் தொட்டா.
விரல் உள்ள போச்சு.
ஈரம்.
எனக்குக் காது ரெண்டும் அடைச்சுது.
விரலைக் காற்சட்டையில துடைச்சுப்போட்டு
‘மழையோ அக்கா இங்க?’ எண்டு கேட்டா.
ஆவணி மாசம். குளம் வெடிச்சுக் கிடக்கு.
ஓம் எண்டன்.
‘ஓம், நேற்றிரவு நல்ல மழை’ எண்டா
சீலைக்கு அங்கால மெற்றில்டா.
தண்ணி வேணாமெண்டு போட்டுப் போனா.
முடிவு பிரதேச செயலகத்தில சொல்லுவினமாம்.
திரும்பவும் ஆரும் வரக்கூடுமாம்,
சொல்லாமல்.

அதால சீலையை அவிழ்க்கேல்லை.
புதுசு காய வேணும், கரிபிடிக்க வேணும்,
தினமும் எரிக்கிறம்.
விறகு ரெட்டிப்பு. வீரைக்கட்டை பொறுக்கிப் பொறுக்கி
நாரி விட்டுப்போச்சு.
சோறு அவவின்ர குடும்பத்தில வேகுது,
குழம்பு என்ர குடும்பத்தில.
டிலக்சன் டியூசனால வந்து
எந்தப் பக்கம் இருக்கிறதெண்டு கேக்கிறான்.
பேசாமல் இரு எண்டு
சீலைக்குக் கீழால
கோப்பையைத் தள்ளுறன்,
அது சோத்தோட திரும்பி வருது.