அறுபது சொற்களுக்குள்

சுவரில் ஒட்டும் குறிப்புக்கு
அறுபது சொற்கள்தான் தருகிறார்கள்.
மெரியல் ஆஸ்கித், பிறப்பு 1957, கிரிம்ஸ்பி.
இதிலேயே ஐந்து போயிற்று.

பதினாறு வயதில் பனிக்கட்டி ஆலையில்
மீன்படகுகளுக்கு ஐஸ் உடைத்தார் என்று எழுதினேன்.
அடித்துவிட்டார்கள்.
கல்லூரியில் களிமண் பிடிக்கவில்லை,
"சொன்னபடியெல்லாம் கேட்கிறது" என்றாராம்.
அதையும்.
கப்பல் உடைக்கும் இடத்தில்
தகடு தகடாகக் கடன் சொல்லி வாங்கியது,
இரண்டு கல்யாணம்,
வெல்டிங் பொறி தெறித்து
இடது காது அவிந்துபோனது,
யாருக்கு வேண்டும்?

ஹம்பர் ஆற்றங்கரை ஊரொன்றின் சந்தையில்
1991இல் வைத்தார்கள் அவளை:
'உட்கார்ந்திருப்பவள்', ஒன்பதடி.
நம் வரிப்பணத்தில் உடைந்த அடுப்பு என்று
பத்திரிகைக்கு எழுதினார் ஒரு பல் மருத்துவர்.
மூன்றாம் வருடம் கிரேன் வந்தது.
செய்தவருக்குத் தகவல்
ஓர் அஞ்சலட்டையில்.

இருபத்து மூன்று குளிர்காலம் கழித்து
எங்கள் கண்காட்சிக்காகத் தேடிப் போனோம்.
நகராட்சிக் கிடங்கு.
பனி நாட்களில் சாலைக்குத் தூவும்
உப்புக் குவியலுக்குப் பின்னால்
உட்கார்ந்துதான் இருந்தாள்.
முழங்காலில் தேநீர்க் கோப்பை வட்டங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாய்.
தோளில் நான்கு ஆரஞ்சு ஜாக்கெட்டுகள்.
இடுப்பெல்லாம் துரு.
"மாட்-ஐயா கொண்டுபோகிறீர்கள்?" என்றார்
லாரி ஓட்டும் டென்சில் ஹார்க்கர்.
"அடியில் பலகை கொடுத்தோம்,
இல்லையென்றால் கால் போயிருக்கும்."

எங்கள் பராமரிப்பாளர் கையுறை மாட்டி
கம்பி பிரஷ்ஷை எடுத்தார்.
மெரியல் அதை வாங்கித்
தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
இன்றுவரை திரும்பவில்லை.
பிறகு முழங்கால் மேல் ஏறி உட்கார்ந்து
டென்சிலிடம் சர்க்கரை இரண்டு கரண்டி என்றார்.

ஆகவே குறிப்பின் கடைசி வரி:
எஃகு, கான்கிரீட், சாலை உப்பு, தேநீர். 1991–
கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.
அச்சுப்பிழை என்று
இதுவரை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள்.

திறப்பு விழாவன்று லண்டனில் மழை.
டென்சில் நனைந்து வந்தார்.
பேச்சுவாக்கில் ஜாக்கெட்டைக் கழற்றி
அவள் தோளில் மாட்டப் போனார்.
"தொடக்கூடாது, சார்" என்றார் காவலர்.
நீட்டிய கை
அப்படியே கொஞ்சநேரம் நின்றது.
நாலடி தள்ளி
யாரோ ஒரு பிரபுவுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த மெரியலுக்கு
இது கேட்கவில்லை.
அது அவருடைய இடது பக்கம்.

ஜாக்கெட் எங்கள் புதுத் தரையில் சொட்டியது.
துடைப்பான் கொண்டுவர
ஆள் அனுப்பினார்கள்.