மூன்று ஐந்து போட்ட புத்தகம்

மளிகைக் கடன் எழுத வாங்கிய
மூன்று ஐந்து போட்ட குட்டிப் புத்தகத்தில்
அப்பா கிலோமீட்டர் எழுதினார்.
செந்தூல், காலை 5.10, 41207.

பினாங்கு என்றால் எங்களுக்குக் கடல்.
அவருக்கு, கடலைத் தவிர மற்றதெல்லாம்.

பாம்புக் கோயிலில்
ஊதுபத்திப் புகைக்குள் கிளையோடு கிளையாய்ச்
சுருண்டு கிடந்தது பச்சை விரியன்.
"செத்துப்போச்சாப்பா?" என்றான் ஜெகதீசன்.
"இரு, இப்ப அசையும்."
வந்த பேருந்துகள் போயின.
வேறு பேருந்துகள் வந்தன.
புத்தகத்தில்:
பாம்பு. 40 நிமிடம். அசையவில்லை.

ஆயிர் ஈத்தாம் ஆமைக் குளத்தில்
ஒரு கட்டுக் கங்கோங் கீரை ஒரு வெள்ளி.
எட்டிப் போட்டபோது
ஜெகனின் ஜப்பான் சிலிப்பர் கழன்று விழ,
ஒரு கிழட்டு ஆமை அதை முகர்ந்து பார்த்து
முதுகில் ஏற்றிக்கொண்டு
குளத்தின் மறுகரைக்குப் போனது,
வாங்கிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல.
மீதிப் பயணம் முழுக்க
அண்ணனுக்கு ஒரு கால் வெறுங்கால்.
ஆமை 1, ஜெகன் 0 என்று எழுதிவிட்டு
அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.
அம்மா கைப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.

பாலிக் புலாவ் வளைவுகளில்
லீலா அக்கா இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.
ஒரு எண்ணெய் நிலையத்தில் மைனா ஒன்று
மூன்று மொழியில் விலை சொல்கிறதாம்.
எங்களிடம் ஒரு மொழியிலும் பேசவில்லை.
ஜாதிக்காய்ச் சாறு இரண்டு போத்தல் வாங்கினார்,
மைனாவின் முதலாளிக்கு மரியாதையாக.

"கடல் எப்பப்பா?"
"கடல் எங்கயும் போயிடாது."

எங்களுக்குத் தெரியும்,
தெரியாததுபோல் இருந்தோம்:
அந்த ஜனவரியிலிருந்து அம்மா
தேவைக்கு மட்டும் பேசினாள்.
தொட்டிலைப் பிரித்து
பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தோம்.
சோறு போட்டாச்சு. கதவைச் சாத்து. மழை வருது.
இவ்வளவுதான்.

திரும்பும்போது பாலத்தின் நடுவில்
சாகா கார் பெருமூச்சு விட்டு நின்றது.
பானெட்டுக்குள்ளிருந்து ஆவி.
இரண்டு பக்கமும், கடைசியாக, கடல்.
பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.
லோரிகள் திட்டிக்கொண்டே கடந்தன.
தண்ணீர்ப் போத்தல் லீலாவின் வாந்தியோடு காலி.
அப்பா பானெட்டைப் பார்த்தார்,
பின் இருக்கையைப் பார்த்தார்.
பிறகு, கோயில் குடமுழுக்கு நடத்துகிறவர்போல்
ரேடியேட்டரில் ஊற்றினார்
இரண்டு போத்தல் ஜாதிக்காய்ச் சாற்றையும்.

ஆவி இனித்தது.
வெள்ளை வெயிலில் ஒரு மணம்
பட்டர்வொர்த் வரைக்கும் போயிருக்கும்.
அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்தாள்.

கார் போய்விட்டது, பழைய இரும்புக்கு.
அப்பாவும் போய் ஆறு வருடம்.
போன மாதம் அலமாரியைக் காலி செய்த ஜெகன்
ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான்:
பாலத்தின் நடு. 41702.
பவளம் சிரித்தாள். (இந்த வருசம் முதல் தடவை.)
அதன் கீழே சாறு விலை, நான்கு வெள்ளி,
இரண்டு முறை கோடிட்டு.

அவன் அழுதிருக்கிறான். எழுத்துப் பிழைகளில் தெரிந்தது.

இன்று என் மைவியில்
பின்னால் அம்மா, பக்கத்தில் என் மகள் யாழரசி.
ஜார்ஜ் டவுனில் ஒரு தலைகீழ் வீடு பார்க்கப் போகிறோம்.
கூரையில் கட்டில், கூரையில் சாப்பாட்டு மேசை.
"இதுக்கா முப்பது வெள்ளி?" என்று
தஞ்சோங் மாலிமிலிருந்தே கேட்டு வருகிறாள் அம்மா.

பாலம் ஏறியதும் வண்டியை மெதுவாக்கி
கைப்பேசியைப் பின்னால் நீட்டச் சொன்னேன்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள்.
மறுபடியும் படித்தாள்.

"மனுசனுக்கு எப்பவும் அவசரம்.
நான் எங்க சிரிச்சேன்?
அந்தப் புகை மூக்குல ஏறி
தும்மல் வந்துச்சுடி."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது தோள் மட்டும்,
அது குலுங்குவது மட்டும்.

யாழரசி மீட்டரை எட்டிப் பார்த்து
ஏனோ சத்தமாகப் படித்தாள்:
எண்பத்தெட்டாயிரத்து முந்நூற்று நாற்பது.