மதகு இருந்த இடம்

குவாத்தா சாலையில் மூன்றாம் நாளாக மழை.
சுங்கின் அங்காடிக்குள் அரிசி மூட்டைகள் ஊறுகின்றன.
வாகன நிறுத்தத்தில், முழங்கால் தண்ணீரில்
யாக்கோமினாவின் பசு நிற்கிறது.
அதற்கு அது இன்னும் மேய்ச்சல் நிலம்தான்.
பத்திரம் பதிந்ததை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

"நீங்கள் ஹாலந்துக்காரர்கள்,
தண்ணீர் உங்கள் பேச்சைக் கேட்கும்"
என்கிறார் சூர்ஜ்பலி, குடையை உதறிக்கொண்டே.

அவள் ஹாலந்துக்குப் போனது ஒரே முறை, ஒன்பது நாள்.
ரொட்டிக் கடைக்காரி கேட்டாள்:
"எங்கள் மொழியை எங்கே இவ்வளவு நன்றாகக் கற்றீர்கள்?"
மீதிச் சில்லறையை எண்ணாமல் வெளியே வந்துவிட்டாள்.

இங்கே அவள் பூரூ.
உழவர் என்று பொருள்.
சிலர் வாயில் வசவு, சிலர் வாயில் செல்லம்.

கப்பலில் வந்தவர்களுக்கு வீடு என்றார்கள்.
சரமாக்கா நதிக்கரையில் சேறு கொடுத்தார்கள்.
ஆறு மாதத்தில் பாதிப்பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது.
'பெட்டி செய்யப் பலகை இல்லை' என்று
குடும்ப வேதாகமத்தின் பின்னட்டையில் ஒரு வரி;
அதற்கடியில் முட்டைக்கோஸ் விலை.
அந்தக் கரையை முன்பு வெட்டிய
கறுத்த கைகளைப் பற்றி
அட்டையில் ஒன்றும் இல்லை.
தேடியிருக்கிறாள்.

இப்போது மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து
அடி எண்ணுகிறாள்.
மாமரத்திலிருந்து எண்ண வேண்டும்.
மாமரம் இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து:
நாற்பது, நாற்பத்தொன்று.
நின்றது ஐஸ்கிரீம் பெட்டி முன்னால்.

"இதற்கடியில்."

சுங் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
சூர்ஜ்பலியும் ஜாவாக்காரப் பையன் வாகிமினும்
பெட்டியை நகர்த்த,
கடப்பாரை நான்கு டைல்களைத் தின்றது.
நிலத்தை விற்ற தம்பி டீடரிக்கை
அவள் சந்தை மொழியில் திட்டினாள்.
டச்சில் அவளுக்கு ஜெபிக்கத்தான் வரும்.

கருத்த மரக்கதவு.
பாட்டன் தறித்தது, உளுக்கவில்லை.
மூவரும் இழுத்தார்கள்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பின் ஒரு சுழி,
அதில் ஒரு செருப்பு, இரண்டு வெங்காயம்.

"டைலுக்கு யார் பணம் கொடுப்பது?" என்றார் சுங்.
"ரோட்டர்டாமில் இருக்கிறான், கேளுங்கள்.
அங்கேயும் மழையாம்."

வெளியே பசு குரல் கொடுத்தது.
மடி கனத்துவிட்டது அதற்கு.
பாத்திரம் எடுக்க அவள் போனாள்,
கணுக்கால் வரை இறங்கிய தண்ணீரில்.