ஆணி

காட்பாடி ரோட்டில்
மோட்டார் காயில் கட்டும் கடை என்னுடையது.
செம்புக் கம்பி எந்த இடத்தில் அறுந்திருக்கும் என்று
மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

நகை தேடும் மெஷின் வந்தது தனிக்கதை.
பழைய இரும்புக்காரன் தராசில் கிடந்தது,
வட்டத் தலை பிளந்து, நாலு ஸ்க்ரூ இல்லாமல்.
கிலோ கணக்கில்தான் வாங்கினேன்.
தலைக்குள் நானே கம்பி சுற்றினேன்.
ஹெட்போன் ஒயரை எலி தின்றுவிட்டதால்
அது பேசுவது சுற்றியிருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

சேண்பாக்கத்தில் மாட்டுத் தொட்டிக்கடியில் ஒரு மூக்குத்தி எடுத்தேன்,
கன்றுக்குட்டி என் காதை நக்கிக்கொண்டே இருந்தது.
மேல்விஷாரத்தில், நிக்காஹ் முடிந்த மண்டபத்துப் புல்லில்
ஒற்றை ஜிமிக்கி.
கிடைக்காமல் போனவை அதிகம்.
அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை,
எனக்குத்தான் தூக்கத்தில் பீப் என்கிறது.

தங்கம் உரக்கப் பேசாது.
தொண்டை கட்டினவன் கூப்பிடுவதுபோல் அடியில் ஒரு 'ம்'.
சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளும்
அதே 'ம்' சொல்லி ஏமாற்றும்.
செம்பும் பித்தளையும் அப்படியில்லை,
விடியாமலே கூவுகிற சேவல்.

மயானக் கொள்ளைக்கு மறுநாள்.
பாலாற்று மணலெங்கும் மிதிபட்ட சுண்டல்,
எலுமிச்சம்பழம், குங்குமம் கொட்டிய இடங்களில் எறும்பு,
களிமண்ணில் படுத்திருந்த அங்காளம்மனுக்கு
ஒரு கண் மட்டும் மிச்சம்.

"மூணரை சவரன்ணா" என்றாள் அஞ்சுகம்.
ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை,
ஒன்பது வருஷச் சீட்டு.
"கூட்டத்துல அத்துக்கிச்சி. இந்தாண்டதான் நின்னுனு இருந்தோம்."
"இல்ல, அந்தாண்ட" என்றார் தசரதன், அவள் வீட்டுக்காரர்.
அந்தாண்ட என்றால்
லாரிகள் மணல் அள்ளிய பள்ளம், கருவேலம், பிளாஸ்டிக்.

இரண்டு மணி நேரம்.
சாமிக்கு இறைத்த ஒரு ரூபாய்கள் பதினேழு,
ஒரு கொலுசுத் திருகாணி, பூட்டில்லாத சாவி.
பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம்
மெஷின் கொஞ்சம் உளறியது.

பத்தடியில் நிழல் இருந்தும்
தசரதன் வெயிலில் நின்றார்.
அதே இடத்தில். அதே காலில்.

வட்டத்தை அந்தப் பக்கம் வீசினேன்.
சேவல் கூவியது.
இன்னொரு முறை. கூவியது.
நீலநிற ரப்பர் செருப்பு,
அதன் ஓரத்தில் மணல் லேசாகப் புடைத்திருந்தது.

"செருப்புல ஆணி கீது" என்றார்.
என்னிடம்தான் சொன்னார்.
கண் மட்டும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது,
வட்டிக்கடை வாசலில் நிற்பவர்களிடம்
பார்த்திருக்கிறேன் அந்தக் கண்ணை.
மெஷினை வேறு பக்கம் திருப்பினேன்.

"கிடைக்கலம்மா."

அஞ்சுகம் முந்தானை முடிச்சை அவிழ்த்து
முந்நூறு ரூபாயை எண்ணினாள்.
எண்ணிவிட்டு என் கையில் வைக்காமல் கேட்டாள்,
"தங்கம்னா இன்னா சத்தம் வரும்ணா?
ஒரு வாட்டி கேக்கணும்."

மோதிரத்தைக் கழற்றி மணலில் வைத்தேன்.
மாமனார் போட்டது.
பதினாலு வருஷத்தில் அதை நான் சோதித்ததே இல்லை.
ஒரு நொடி எனக்கே வயிற்றைக் கலக்கியது.
வட்டம் மேலே போனது.
'ம்.'

"இன்னொரு வாட்டி."
'ம்.'

அவள் குனிந்து மோதிரத்தை எடுத்து
மணலை ஊதி, ரூபாயோடு சேர்த்துக் கொடுத்தாள்.
பிறகு அந்த நீலச் செருப்பைப் பார்த்தாள்,
ஒரு நாளைக்கு நானூறு ஜோடி கையில் வாங்கிப் பார்க்கிறவள்
பார்க்கிற மாதிரி.

"ஆணிதான்" என்றாள்.
"வாங்க, ஷிப்டுக்கு நேரமாவுது."

அவள் விருதம்பட்டுக் கரை ஏறும்வரை
அவர் காலை எடுக்கவில்லை.
நான் பேட்டரியைக் கழற்றினேன்.
அவர் எடுக்கவில்லை.