பதினோராவது கட்டம்

காவேரிப்பட்டணத்தில் ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு
என்னைத் தெரியாது.

மாதேஸ்வரி.
ஓ பாசிட்டிவ்.
இடது காறை எலும்புக்குக் கீழே ஒரு மச்சம்,
முந்தானை மறைத்திருக்கிறது,
இருந்தாலும் தெரியும்.
வங்கிக் கணக்கின் கடைசி எண்கள் நாலு நாலு ஒன்று ஏழு.

மூன்று வருடம் முந்தைய மாங்காய்ப் பருவம்.
கூழ் ஆலைக்கு ஐம்பது பேர் தேவை என்று தட்டி வைத்தோம்,
அறுநூறு பேர் வந்தார்கள்.
பெங்களூரா லாரிகள் வாசலில் நின்று
வெயிலில் புளித்துக்கொண்டிருந்தன.
வேப்பமரத்தடியில் மேசை போட்டு
விண்ணப்பம் வாங்கியவள் நான்.

பதினோராவது கட்டத்தில் எல்லாப் பேனாவும் கொஞ்சம் நின்றது.
கடைசியாக வீட்டுக்குத் தூரமான தேதி.

"இது எதுக்குங்க?"
அறுநூறில் ஒருத்திதான் கேட்டாள்.
"ஃபார்ம்ல இருக்குது" என்றேன்,
அடுத்த ஆளைப் பார்த்தபடி.

இவள்தானா அந்த ஒருத்தி?
முகம் நினைவில்லை.
தேதி நினைவிருக்கிறது.

சாயங்காலம் மேலாளர்
அவள் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
நாள் தள்ளியிருக்கு. வேண்டாம்.
'இடம் நிரம்பிருச்சு' என்று
போனில் சொன்னதும் நானே.
பெற்றவளிடம்கூட அப்போது சொல்லியிருப்பாளோ என்னவோ,
எங்கள் அலுவலகத்தில் நாலு பேருக்குத் தெரியும்.
டீ கொண்டுவரும் பையனையும் சேர்த்தால் ஐந்து.

இப்போது அவள் மடியில் ஒரு பையன்,
இரண்டு வயது தாண்டியிருக்கும்.
கம்மர்கட் ஒழுகும் வாய்.
இவனை எனக்குப் பிறப்பதற்கு முன்பே பழக்கம்,
பென்சில் எழுத்தில்.

என் கழுத்து அட்டையைப் பிடித்து இழுக்கிறான்.
அவள் கையை விலக்கிவிட்டுப் படிக்கிறாள்.
"அந்தக் கம்பெனியா?
நானும் ஒருக்கா எழுதிக் குடுத்தேன், கெடைக்கல.
அதுக்கப்பறம் யார் யாரோ பேரைச் சொல்லிக் கூப்புட்டு
லோன் வேணுமான்னாங்க.
ஏங்க, அந்தப் பேப்பரையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"கிழிச்சுப் போட்டுருவோம்" என்றேன்.

ரவுண்டானாவில் இறங்கியபோது
பையன் டாட்டா காட்டினான்.

இரும்பு பீரோ, மூன்றாம் தட்டு.
ரப்பர் பேண்டு உருகிக்
காகிதத்தோடு காகிதமாக ஒட்டியிருந்தது.
தேடி எடுத்துக் கிழித்தேன்,
போட்டோவைத் தனியாக, தேதியைத் தனியாக.
சொன்ன பொய்யில் கால்வாசி உண்மையானது.
மீதி
கம்ப்யூட்டரில் இருக்கிறது,
அறுநூறு தாளையும் போனில் படமெடுத்துப் போன
காண்டிராக்டரிடம் இருக்கிறது,
அவன் யாருக்கு அனுப்பினானோ அவர்களிடம் இருக்கிறது,
என்னிடமும்.
எங்கே அழுத்தினால் நான் அழிவேன்?

இந்த வருடத்துப் படிவம் மேசைக்கு வந்தது.
புது லோகோ, மஞ்சள் பார்டர்.
கட்டங்கள் அப்படியே.
எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.
பதினோராவதில் விரல் வைத்து
"இது எதுக்குங்க சார்?"

அவர் நிமிரவில்லை.
"ஃபார்ம்ல இருக்குதும்மா."

ஆயிரம் நகல் எடுக்கச் சொன்னார்.
ஜெராக்ஸ் மிஷின் சூடாகிவிட்டதென்று
பச்சை விளக்கு எரிகிறது.
வெளியே முதல் லாரி வந்து நிற்கும் சத்தம்.
தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்துவிட்டேன்,
மூடியைச் சாத்தவில்லை.